பைபாஸ் செய்து பத்து, பதினைந்து வருடம் கழித்து கிராஃப்ட் குழாய் வீங்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாகப் பல வருடங்கள் வேலை பார்த்துவிட்டு இப்போது கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறேன். பைபாஸ் ஆன குடும்பங்களிலிருந்து யாராவது ஒருவர் அடிக்கடி வந்து ஏதாவது கேட்பார். சமீப காலமாக அதிகம் வருவது ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'வெயின் கிராஃப்ட் அன்யூரிசம்' என்று எழுதியிருப்பதைப் பற்றிய கேள்வி. அரிதாக வருவது என்பதால் இதைப் பற்றித் தமிழில் படிக்க அதிகம் இல்லை. என்னிடம் வந்த கேள்விகளையும், மருத்துவர்களோடு நின்று கற்றுக்கொண்டதை வைத்து நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு என்ன சிகிச்சை என்பதை உங்கள் இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிஸ்டர், அப்பாவுக்கு பைபாஸ் ஆகி 14 வருடம் ஆகிறது. இப்போது கிராஃப்டில் வீக்கம் என்கிறார்கள். அது என்ன?

இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் குழாயில் அடைப்பு இருந்தால், அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேறொரு குழாயை வைத்துத் தைப்பதுதான் பைபாஸ். இந்த மாற்றுக் குழாயைத்தான் கிராஃப்ட் என்கிறார்கள். பெரும்பாலும் ஒரு கிராஃப்ட் மார்பின் உட்பக்கத்தில் இருக்கும் தமனி. மற்றவை காலிலிருந்து எடுத்த சிரை. நம் ஊரில் "காலில் இருந்து நரம்பு எடுத்து வைத்தார்கள்" என்று சொல்வது இதைத்தான். அப்பாவின் கணுக்காலிலிருந்து மேலே ஓடும் தழும்பு அந்தச் சிரையை எடுத்த இடம்.

அந்தக் கால் சிரை ஓரிடத்தில் பலூன் போலப் பெருத்துப்போவதுதான் வெயின் கிராஃப்ட் அன்யூரிசம். பக்கத்தில் இருக்கும் இயல்பான பகுதியைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் அகலமாகிவிட்டால் அந்தப் பெயரைச் சொல்வார்கள். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய் அது. அது 2, 3 சென்டிமீட்டராகப் பெருப்பதும் உண்டு. 10 சென்டிமீட்டரைத் தாண்டியவையும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

நல்லா ஓடிக்கொண்டிருந்த குழாய் ஏன் வீங்க வேண்டும்?

காலில் இருந்தபோது அதன் வேலை, ரத்தத்தை இதயத்துக்கு மெதுவாகத் திருப்பி அனுப்புவது. மெல்லிய சுவர், உள்ளே சின்னச் சின்ன வால்வுகள். பைபாஸில் அதை நேராக மகாதமனியில், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனியில், தைத்துவிடுகிறோம். அன்றிலிருந்து ஒவ்வொரு துடிப்புக்கும் 120-ஐ ஒட்டிய அழுத்தம் அதன் மேல் விழுகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் துடிப்பு. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் அத்தனையையும் வயலோரச் சின்ன வாய்க்காலில் திருப்பிவிட்டால், கரை எந்த இடத்தில் இளகியிருக்கிறதோ அங்கேதான் முதலில் புடைக்கும். சிரையில் அப்படிப்பட்ட இடங்கள் வால்வு இருக்கும் பகுதியும் கிளைகள் பிரிந்த பகுதியும்.

ஆரம்பத்தில் சிரை தன் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு சமாளிக்கும். வருடங்கள் போகப் போக அந்தத் தடித்த சுவரிலேயே கொழுப்பு படிந்து, தசை நார்கள் நைந்துபோகின்றன. இதயக் குழாயைக் கெடுத்த அதே நோய்தான் கிராஃப்டையும் கெடுக்கிறது. ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்கும், பீடி சிகரெட்டை விடாதவர்களுக்கும் இது வேகமாக நடக்கும். எடுத்த சிரையில் ஏற்கெனவே வெரிகோஸ் இருந்திருந்தால் அதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

ஆபரேஷன் செய்த டாக்டர் சரியாகத் தைக்கவில்லை என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. இங்கே இரண்டு வகை இருக்கிறது. குழாயின் சுவர் முழுவதுமாக விரிந்து வீங்குவது ஒன்று. இது வழக்கமாக ஐந்து வருடத்துக்குப் பிறகு, அதிலும் அதிகமாகப் பத்து இருபது வருடம் கழித்துத்தான் தெரியவரும். குழாயின் நடுப்பகுதியில் வரும். இதற்கும் தையலுக்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்று, தையல் போட்ட இடத்தில் சுவர் விட்டுக்கொடுத்து, கசிந்த ரத்தத்தைச் சுற்றியுள்ள திசுக்கள் பிடித்து நிறுத்தியிருக்கும் நிலை. இதைப் பொய் அன்யூரிசம் என்கிறார்கள். ஆபரேஷன் முடிந்த சில வாரம், சில மாதத்திலேயே வந்தால் நெஞ்சுக் காயத்தில் தொற்று இருந்ததா என்று பார்ப்பார்கள். தாமதமாகவும் வரலாம். பெயரில் பொய் இருந்தாலும் ஆபத்து உண்மையானது, வெடிக்கும் பயம் இதில் கூடுதல்.

எத்தனை பேருக்கு வருகிறது? எல்லாரும் பயப்பட வேண்டுமா?

அரிது. பைபாஸ் ஆனவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது வருவதே இல்லை. கால் சிரை கிராஃப்டுக்குப் பத்து வருடத்தில் வரும் பெரிய பிரச்சினை அடைத்துப்போவதுதான். ஏறத்தாழ பாதி கிராஃப்ட்கள் அந்தக் கட்டத்தில் அடைத்தோ சுருங்கியோ போயிருக்கும். மார்புத் தமனி கிராஃப்ட் அப்படியில்லை, பத்துக்கு ஒன்பது கிராஃப்ட்கள் பத்து வருடம் கழிந்தும் நன்றாகவே ஓடும். அது வீங்குவதும் மிக மிக அரிது.

கால் சிரையை வைத்து பைபாஸ் செய்யும் முறையை அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ 1967-ல் தொடங்கினார். இந்தியாவின் முதல் பைபாஸை 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். கிராஃப்ட் வீக்கம் மருத்துவ இதழில் முதலில் எழுதப்பட்டதும் அதே 1975-ல்தான். நம் மாவட்டத்தில் திருவனந்தபுரம், சென்னை, வளைகுடா என்று போய் பைபாஸ் செய்துகொண்டு வந்தவர்கள் வீதிக்கு வீதி இருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து இருபது வருடத்தைத் தாண்டி நடமாடுகிறவர்களையும் எனக்குத் தெரியும். ஆட்கள் நீண்ட நாள் வாழ்வதாலும், இப்போது எல்லா இடத்திலும் சி.டி. ஸ்கேன் எடுப்பதாலும், முன்பு தெரியாமலே போன வீக்கங்கள் இப்போது கண்ணில் படுகின்றன. பயம் வேண்டாம், ஆனால் இப்படி ஒன்று உண்டு என்று தெரிந்திருப்பது நல்லது.

என்ன அறிகுறி இருக்கும்?

பலருக்கு எதுவும் இருக்காது. உலகம் முழுவதும் பதிவான 209 பேரின் விவரங்களைத் தொகுத்து 2012-ல் ஒரு மருத்துவ ஆய்வு வந்தது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகத்தான் தெரிந்திருக்கிறது. அறிகுறி இருந்தவர்களில் அதிகம் பேருக்கு நெஞ்சுவலி. அடுத்தது மூச்சு வாங்குதல். சிலருக்கு நேராக மாரடைப்பாகவே வந்திருக்கிறது.

வீங்கிய இடத்தில் ரத்தம் தேங்கிச் சுழலும், அதனால் உள்ளே கட்டி கட்டியாக உறையும். அந்த உறைவு கிளம்பிக் கீழே போய் அடைத்தால் மாரடைப்பு. வீக்கம் பெரிதானால் பக்கத்தில் இருக்கும் இதய அறையையோ நுரையீரல் தமனியையோ அழுத்தும், சில நேரம் அதற்குள்ளேயே துளைத்துக்கொண்டு போகும். அப்படித் துளைத்தால் ரத்தம் தப்பான வழியில் ஓடி, மூச்சு வாங்கும், கால் வீங்கும், ஸ்டெதாஸ்கோப்பில் புதுச் சத்தம் கேட்கும். கடைசியாக, வெடிப்பது. வெடித்தால் ரத்தம் இதய உறைக்குள்ளோ நெஞ்சுக்கூட்டிலோ நிறைந்துவிடும், அது உயிருக்கே ஆபத்து.

எக்ஸ்ரேயில் "இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு நிழல் இருக்கிறது, கட்டியாக இருக்கலாம்" என்றார்கள். டிபியா, கேன்சரா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எப்போதோ பைபாஸ் ஆனவருக்கு எக்ஸ்ரேயில் இதயத்தை ஒட்டிப் புதிதாக ஒரு நிழல் தெரிந்தால், அது கட்டியாகவும் இருக்கலாம், கிராஃப்ட் வீக்கமாகவும் இருக்கலாம். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நம் ஊரில் எக்ஸ்ரே எடுக்கும் சந்தர்ப்பங்களை யோசித்துப் பாருங்கள்: இருமல் முகாம், குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால், வெளிநாட்டு விசா மெடிக்கல். எடுப்பவருக்கு உங்கள் பழைய கதை தெரியாது. சட்டையைக் கழற்றினால் நெஞ்சின் நடுவில் தழும்பு தெரியும்தான், ஆனால் படத்தை மட்டும் பார்த்து எழுதுபவர் அதை எப்படிப் பார்ப்பார்?

கட்டி என்று நினைத்தால் அடுத்த கட்டம் என்ன? ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிப்பது. ரத்த அழுத்தத்தோடு துடித்துக்கொண்டிருக்கும் வீக்கத்தில் ஊசி குத்தினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நான் வேலை பார்த்த வார்டுக்கு அப்படி ஒருவர் வந்தார். வேறோர் ஊரில் ஊசிப் பரிசோதனைக்கு நாள் குறித்திருந்தார்கள். அவருடைய மருமகள், "மாமாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆகியிருக்கு, அதைச் சொல்லவா?" என்று ரிப்போர்ட் வாங்கும் இடத்தில் கேட்டிருக்கிறாள். அந்த ஒரு கேள்வியால் ஊசி நின்றது, மருந்து செலுத்தி எடுக்கும் கான்ட்ராஸ்ட் சி.டி. எடுத்தார்கள், வீக்கம் என்று தெரிந்தது. அந்தப் பெண்ணை இன்றும் மனதுக்குள் கும்பிடுகிறேன்.

ஆகவே நீங்கள் சொல்ல வேண்டியது இது: "எனக்கு இன்ன வருடத்தில் பைபாஸ் ஆகியிருக்கிறது, காலிலிருந்து குழாய் எடுத்திருக்கிறார்கள். ஊசி போடுவதற்கு முன்னால் இது கிராஃப்டா என்று பார்த்துவிடலாமா?" எக்ஸ்ரே எடுப்பவரிடம், சி.டி. எடுப்பவரிடம், டாக்டரிடம், எல்லாரிடமும் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்படுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. நல்ல டாக்டர் நன்றிதான் சொல்வார்.

எந்தப் பரிசோதனையில் உறுதியாகத் தெரியும்?

மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம்தான் முதலிடம். வீக்கம் எவ்வளவு பெரிது, உள்ளே எவ்வளவு உறைந்திருக்கிறது, எதை அழுத்துகிறது, நெஞ்செலும்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, எல்லாம் அதில் தெரியும். எக்கோவில் சில நேரம் தென்படும், சில நேரம் தப்பிவிடும்.

கை வழியாகவோ தொடை வழியாகவோ செய்யும் வழக்கமான ஆஞ்சியோவும் தேவைப்படும். கிராஃப்ட் இன்னும் ஓடுகிறதா, இதயத்தின் எந்தப் பகுதி அதை நம்பியிருக்கிறது என்பதை அதில்தான் தெளிவாகப் பார்ப்பார்கள். ஆனால் ரத்தம் ஓடும் வழி மட்டும்தான் அதில் நிழலாக விழும். உறைவு நிறைந்த பெரிய வீக்கம் சின்னதாகத் தெரிந்து ஏமாற்றலாம். "ஆஞ்சியோ பண்ணியாச்சே, மறுபடி சி.டி. எதுக்கு, காசு பிடுங்கவா?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

சி.டி. மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் முன்னதாக கிரியேட்டினின் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா, முன்பு இந்த மருந்துக்கு அலர்ஜி வந்ததா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கண்டுபிடித்துவிட்டார்கள். உடனே மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டுமா?

எல்லாருக்கும் இல்லை. இத்தனை சென்டிமீட்டர் தாண்டினால் கண்டிப்பாக ஆபரேஷன் என்று உலகம் ஒத்துக்கொண்ட அளவுகோல் இதற்குக் கிடையாது, ஏனென்றால் பார்த்த நோயாளிகளே குறைவு. அளவு பெருகப் பெருக அழுத்துவதும் துளைப்பதும் வெடிப்பதும் கூடுகிறது என்பது மட்டும் தெளிவு. அளவு, வளரும் வேகம், அறிகுறி, நோயாளியின் வயது, இதயத்தின் பலம் இவற்றை வைத்துத்தான் முடிவு எடுப்பார்கள். இதய மருத்துவரும் அறுவை சிகிச்சை மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு இது. அப்படிப் பேசினார்களா என்று நீங்கள் கேட்கலாம்.

சின்னதாக, தொந்தரவு இல்லாமல் இருந்தால் மாத்திரைகளோடு, சொன்ன இடைவெளியில் சி.டி. எடுத்துக் கவனிப்பார்கள். கவனிப்பது என்றால் மறந்துவிடுவது அல்ல. அடுத்த சி.டி. தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

குழாய் வழியாகச் செய்யும் சிகிச்சையும் உண்டு. வீங்கிய பகுதிக்குள் துணி போர்த்தியது போன்ற ஸ்டென்ட்டை விரித்தால், ரத்தம் அதன் உள்ளே மட்டும் ஓடும், வீக்கத்துக்குள் போகாது. அந்தக் கிராஃப்ட் இனி தேவையே இல்லை என்றாலோ, பழைய இதயக் குழாயையே ஸ்டென்ட் வைத்துத் திறக்க முடிந்தாலோ, வீங்கிய கிராஃப்டின் வாயைச் சின்ன அடைப்பானாலும் கம்பிச் சுருளாலும் மூடிவிடுவார்கள். வயதானவர்களுக்கும் மறு ஆபரேஷன் தாங்காதவர்களுக்கும் இது பெரிய வரம். ஆனால் வீக்கம் மிகப் பெரிதாகிப் பக்கத்து உறுப்பை அழுத்தும்போது, உள்ளிருந்து மூடினாலும் அழுத்தம் உடனே குறையாது.

மறு ஆபரேஷனில் வீங்கிய பகுதியைக் கட்டியோ வெட்டியோ நீக்கி, தேவையான இடத்துக்குப் புதுக் கிராஃப்ட் வைப்பார்கள். முதல் தடவையைவிட இது கடினம். உள்ளே எல்லாம் ஒட்டிப்போயிருக்கும், எலும்பை அறுக்கும்போதே வீக்கத்தில் பட்டுவிடக் கூடாது. சி.டி. படத்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதனால்தான். வெடித்தாலோ, இதய அறைக்குள் துளைத்தாலோ, தொற்று இருந்தாலோ பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி.

பழைய காகிதங்கள் எதுவும் இல்லை. சுனாமியில் போய்விட்டது / வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. என்ன செய்ய?

கடற்கரை ஊர்களில் இதைக் கேட்டிருக்கிறேன், 2004 டிசம்பரில் வீட்டோடு ஃபைலும் போனவர்கள் இருக்கிறார்கள். ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட் பிரிவில் பெயர், வருடம், முடிந்தால் ஐ.பி. (உள்நோயாளி) நம்பர் சொல்லிக் கேளுங்கள். பழைய ஃபைல் கிடைக்காவிட்டாலும் டிஸ்சார்ஜ் சம்மரியாவது சில இடங்களில் இருக்கும். எதுவுமே கிடைக்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது, சி.டி. ஆஞ்சியோவைப் பார்த்தே எத்தனை கிராஃப்ட், எங்கெங்கே என்று சொல்லிவிடலாம்.

கிடைத்தவர்கள் அந்த ஒரு பக்கத்தை செல்போனில் படம் எடுத்து, மகனுக்கும் மகளுக்கும் அனுப்பி வையுங்கள். எந்தக் குழாயை எங்கே தைத்தார்கள் என்ற வரி அதில் தெளிவாக விழ வேண்டும். வளைகுடாவில் ஆபரேஷன் ஆனவர்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே ரிப்போர்ட்டோடு ஆஞ்சியோ படம் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அங்கே ஆள் அனுப்பி வாங்குவது பெரிய பாடு.

திடீரென்று நெஞ்சு வலித்தால் நேராகத் திருவனந்தபுரம் போய்விடலாமா?

நாகர்கோவிலிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலைத் தாண்டிப் போக வேண்டும். வியர்வையோடு கடும் நெஞ்சுவலி, மயக்கம், திடீர் மூச்சுத்திணறல், இருமலில் ரத்தம், இப்படி இருக்கும்போது சொந்தக் காரில் அந்தத் தூரம் போவது சரியில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் உள்ள பெரிய மருத்துவமனை எதுவோ, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல, அங்கே முதலில் போய் நிலைப்படுத்திய பிறகு, அவர்கள் சொன்னால் ஆம்புலன்ஸிலேயே மேலே போகலாம். ஏறும்போதே "பைபாஸ் ஆனவர், கிராஃப்டில் வீக்கம் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். மாரடைப்பு என்று மட்டும் நினைத்து உறைவைக் கரைக்கும் ஊசி போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்தத் தகவல் அவர்களுக்கு அவசியம்.

என் கணவர் ஆழ்கடல் போகிறவர். பைபாஸ் ஆகி 9 வருடம். கிராஃப்ட் கொஞ்சம் விரிந்திருக்கிறது என்கிறார்கள். கடலுக்கு விடலாமா?

தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்துப் படகுகள் கிளம்பினால் கரைக்கு வர வாரக் கணக்காகும் என்று எனக்குத் தெரியும். குடும்பம் அந்த வருமானத்தில்தான் ஓடுகிறது என்பதும் தெரியும். இருந்தாலும் என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன்: வளர்கிறதா இல்லையா என்று இன்னொரு சி.டி.யில் தெரியும் வரைக்கும் அவர் ஆழ்கடலுக்குப் போகாமல் இருப்பது நல்லது. நடுக்கடலில் நெஞ்சுவலி வந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. வலை இழுப்பது, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்குவது எல்லாம் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும். கரையோர வேலை, ஏலக்கூடம், வலை பின்னுவது என்று கொஞ்ச காலம் மாற்ற முடியுமா பாருங்கள். மருத்துவரிடம் "வேலைக்குப் போகலாமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், அவர் கடையோ ஆபீஸோ என்று நினைத்துத் தலையாட்டிவிடுவார். என்ன வேலை, எத்தனை நாள் கடலில், என்ன எடை தூக்குவார் என்று விவரமாகச் சொல்லிக் கேளுங்கள்.

சாப்பாட்டில் என்ன மாற்ற வேண்டும்?

வந்த வீக்கத்தைச் சாப்பாடு சுருக்காது. ரத்தக் கொதிப்பையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைக்க உதவும், அவ்வளவுதான். மீன் குழம்பு தாராளமாகச் சாப்பிடலாம். மரச்சீனிக் கிழங்கு சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவோடு. தேங்காயும் தேங்காய் எண்ணெயும் குறையட்டும். கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய் மூன்றும் உப்பு மூட்டைகள், அவற்றைத்தான் முதலில் நிறுத்தச் சொல்வேன். புகையிலையை எந்த வடிவத்திலும் விட்டுவிட வேண்டும், வெற்றிலையோடு போடுவதும் சேர்த்துத்தான்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை வீக்கத்தை வெடிக்க வைக்குமோ என்று பயந்து அம்மா நிறுத்திவிட்டார்.

இன்றே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை கிராஃப்டும் பழைய ஸ்டென்ட்டும் அடைக்காமல் இருப்பதற்காகக் கொடுத்தது. சொந்த முடிவில் நிறுத்தினால் அடைப்பு வரும் ஆபத்து உடனடியானது. வீக்கம் இருப்பது தெரிந்த பிறகு எந்த மாத்திரை தொடர வேண்டும், எது மாற வேண்டும் என்று மருத்துவர் சொல்லட்டும். கொழுப்பு மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் இதே பதில்தான்.

பிள்ளைகளுக்கும் இது வருமா?

கிராஃப்ட் வீக்கம் பரம்பரையாக வருவதில்லை, அது இடம் மாற்றி வைத்த குழாயில் வருவது. ஆனால் அந்தக் குழாயை வைக்கக் காரணமான இதய அடைப்பு குடும்பங்களில் தொடர்வது உண்டு. அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்போ அம்மாவுக்கு 65-க்கு முன்போ இதய அடைப்பு வந்திருந்தால், பிள்ளைகள் இருபது வயதைத் தாண்டியதும் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார்கள். கொழுப்புப் பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.